பிரிட்ஜ் கோர்ஸில் கை கட்டி நின்றவள்

பெங்களூருக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும், இந்த ஊர்க்காரர்கள் பேசும்போது கைகளை எங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்பதை நான் இன்னும் வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று காலைகூட ஆபீஸில், போன மாதம் சேர்ந்த ஒரு பையன் மேனேஜர் எதிரில் நின்று பேசிக்கொண்டிருந்தான். ஒரு கை பேன்ட் பாக்கெட்டுக்குள், மறு கையில் காபி. மேனேஜரும் அப்படியே. யாருக்கு யார் பயப்பட வேண்டும் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்போதைய மேனேஜர் முன்னால் போய் நின்றாலே என் இரண்டு கைகளும் நெஞ்சுக்குக் குறுக்கே தாமாகக் கட்டிக்கொள்ளும். ஒருநாள் அவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, "யாக்கே மேடம், கோபானா?" என்று கன்னடத்தில் கேட்டார். கோபமில்லை, மரியாதை என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அப்போது கன்னடமும் வராது, இங்கிலீஷும் வராது. "நோ சார், நோ கோபம் சார்" என்று சொல்லிவிட்டு, அதை நிரூபிப்பதற்காகக் கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அந்த வருட அப்ரைசலில் நான் அணுகுவதற்குக் கடினமானவள் என்று எழுதினார்கள்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இருக்காது. போளூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்த யாருக்கும் டீச்சர் முன்னால் கையைத் தொங்கவிட்டு நிற்க வராது. கேள்வி கேட்டால் எழுந்து, கையைக் கட்டி, பதில் சொல்லி, "உட்காரு" என்ற வார்த்தை வரும்வரை நிற்க வேண்டும். வரவில்லை என்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி என் வகுப்பில் வசந்தி என்கிற பெண்ணைக் கேள்வி கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார், டீச்சரும் அவர் பின்னாலேயே ஓடிவிட்டார். வசந்தி சாப்பாட்டு மணி அடிக்கும்வரை கை கட்டி நின்றாள். மறுநாள் பிரேயரில் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, ஒழுக்கம் என்றால் இது என்று காட்டினார்கள், நாங்களும் கை தட்டினோம். முந்தைய நாள் அவள் அப்படி நின்றபோது அவளுக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் தெரியும். அதனால் ஊர் வழக்கம் எல்லாம் தங்கம் என்று சொல்லிக்கொண்டு நான் இங்கே வரவில்லை. அது பயம்தான், பெயரை மட்டும் பணிவு என்று மாற்றி வைத்திருக்கிறோம்.

என் அண்ணன் மகள் அபிராமியும் அதே பள்ளியில்தான் படித்தாள். வீட்டில் அபி. அண்ணன் மூர்த்திக்கு ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை. காது குத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என எங்கள் ஊரில் யாருக்கு எது நடந்தாலும் அது அவர் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ரோட்டுக்கு வரும். ஊரில் பாதிப் பேரின் முகத்தை அவர் வெள்ளையாக்கியிருக்கிறார். எல்லோருடைய தலைக்குப் பின்னாலும் ஒளிவட்டம் வைப்பது அவர் கைவண்ணம், கேட்காதவர்களுக்கும் வைப்பார். அவருடைய ஒரே மகள், எங்கள் குடும்பத்திலேயே முதல்முதலாகக் காலேஜ் போகப்போகிறவள். திருவண்ணாமலையில் ஒரு காலேஜில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் அவளுக்குப் பெங்களூர்தான் வேண்டும். ஆஸ்டின் டவுனில் அத்தை வீடு இருக்கிறதே, அப்புறம் என்ன என்று அண்ணனும் சரி சொல்லிவிட்டார். ஆனேக்கல் பக்கம் ஒரு தனியார் காலேஜில் பி.சி.ஏ. பிடிக்காவிட்டால் திருவண்ணாமலை இடம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், திரும்பி வந்துவிடலாம் என்பது அண்ணி போட்ட கண்டிஷன்.

அந்தக் காலேஜில் டிகிரி வகுப்புகள் தொடங்குவதற்கு முன்னால் மூன்று வாரம் பிரிட்ஜ் கோர்ஸ் உண்டு. தமிழ் மீடியம், கன்னட மீடியம், சின்ன ஊர்கள் என்று எங்கிருந்தெல்லாமோ வரும் பிள்ளைகளைப் பட்டப்படிப்பின் வாசல்வரை கொண்டுவந்து விடுவதற்குப் பாலம் என்று விளக்கம். காலையில் கணக்கும் கம்ப்யூட்டரும். அதை நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், குறை சொல்ல மாட்டேன். மதியம் கம்யூனிகேஷன். அதை எடுத்தவள் ரியா என்கிற இளம் டிரெயினர். சிரிப்பு மாறாத முகம். பிள்ளைகளைத் திட்டமாட்டாள், குரலை உயர்த்தமாட்டாள். நான் படித்த காலத்து டீச்சர்களோடு ஒப்பிட்டால் அவளைக் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று முதல் வாரம் நினைத்தேன்.

முதல் நாளே ஒவ்வொருவரையும் ஸ்டாண்டில் வைத்த போனுக்கு முன்னால் நிறுத்தி, இங்கிலீஷில் தன்னைப் பற்றிப் பேசச் சொல்லி வீடியோ எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். முதலாவது 'பிஃபோர்', இரண்டாவது 'ஆஃப்டர்'. பெற்றோர் வரும் கடைசி நாள் நிகழ்ச்சியில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த அபிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஒரு தப்பு இல்ல அத்த. மனப்பாடம் பண்ணத அப்படியே சொல்லிட்டேன்," என்றாள். "தேங்க் யூ மேம் சொல்லிட்டு நின்னேன். மேம்தான் ரொம்ப நேரம் ஒண்ணுமே சொல்லல. நானும் அப்படியே நின்னுட்டிருந்தேன். அப்புறம் அவங்களே சிரிச்சுட்டு கட் பண்ணாங்க."

"கையைக் கட்டிக்கிட்டா நின்ன?"

"பின்ன?"

மேனேஜர் கதையைச் சொல்லி, இந்த ஊரில் கையைக் கட்டினால் திமிர் என்பார்கள், இல்லையென்றால் பயந்தாங்கொள்ளி என்பார்கள், தொங்கவிட்டு நின்று பழகு என்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல், தலையை ஆட்டி ஆட்டி முழுவதையும் கேட்டாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பதினெட்டு வயதுவரை ஊறிய ஒன்று அத்தை சொன்னாள் என்று ஒரு மாலையில் போய்விடுமா.

ரியாவுக்கு அதற்கும் ஒரு வழி தெரிந்திருந்தது. பேசும்போது அபியிடம் கைக்கு ஒன்றாக இரண்டு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிடுவாள். கை கட்ட முடியாது. பாட்டிலோடு கையை விரித்து, சிரித்துக்கொண்டே பேச வேண்டும். இதற்கு ஓபன் பாடி லாங்குவேஜ் என்று பெயர். வகுப்பில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, இவளுக்கு மட்டும் பாட்டில். பாட்டில் இல்லாமல் பேசத் தொடங்கினால் பிள்ளைகளே கோரஸாக "பாட்டில், பாட்டில்" என்று கத்துவார்களாம். இதையும் அபி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வீட்டில் பீரோக் கண்ணாடி முன்னால் ஒரு கையில் தேங்காய் எண்ணெய் பாட்டில், மறு கையில் வினிகர் பாட்டிலோடு நின்று "மைசெல்ஃப்" என்று ஆரம்பிப்பாள். ஆஸ்டின் டவுனிலேயே பிறந்து வளர்ந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஜிம்முக்கு ரெடி பண்றியா?" என்பார். அவளும் சிரிப்பாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு நன்றாக வந்துகொண்டிருந்தது.

கடைசி நாள் நிகழ்ச்சிக்கு அண்ணன் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில், விடிவதற்குள் பஸ் பிடித்து வந்திறங்கினார். ஒரு பை நிறைய மல்லாட்டை. எங்கள் பக்கம் வேர்க்கடலையை அப்படித்தான் சொல்வோம். வேகவைத்து, இன்னும் ஈரம் காயாமல், மகளுடைய டீச்சருக்கென்று எடுத்துவந்திருந்தார். காலேஜ் ஆடிட்டோரியத்தின் ஏசியில் அந்தப் பை வாசனை எங்கள் வரிசை முழுவதும் பரவியது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி கைக்குட்டையை மூக்கருகில் வைத்துக்கொண்டாள். அண்ணன் அவளிடமும் ஒரு கைப்பிடி நீட்டினார். பிள்ளைகள் எல்லோரும் முன்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அபி அடிக்கடி திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டாள்.

வீடியோக்கள் ஓட ஆரம்பித்தன. திக்கிய பையன்களைப் பார்த்து லேசாகச் சிரித்தார்கள், அடுத்த வீடியோவில் அவர்கள் சரளமாகப் பேசியதும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அடுத்து அபி வந்தாள். திரை நிறைய அபி. எண்ணெய் வைத்து வாரிய தலை, கட்டிய கை. பிரேயரில் உறுதிமொழி சொல்லும் குரலில், ஒரு பிசிறு இல்லாமல் தன் பெயர், ஊர், அப்பா பெயர், பிடித்த பாடம் எல்லாம் சொன்னாள். அரங்கமே அமைதியாக இருந்தது. தேங்க் யூ மேம் என்று முடித்தாள். நின்றாள். வீடியோ முடியவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் யாரோ, "ஹேங் ஆய்த்து" என்றார்கள். ஹேங் ஆகவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் திரை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவள்தான் ஆடவில்லை. அது எல்லோருக்கும் புரிகிற சமயம் பார்த்து, நெட் நின்றுபோனால் போனில் சுற்றுமே ஒரு வட்டம், அது அவள் தலையைச் சுற்றிச் சுற்ற ஆரம்பித்தது. கூடவே ஒரு கடிகாரச் சத்தம். யாரோ உட்கார்ந்து, பொறுமையாக, எடிட் செய்து வைத்திருந்தார்கள். அரங்கம் வெடித்தது. பெற்றோர்கள், லெக்சரர்கள், முன்வரிசையில் பிரின்சிபால், வாசலில் நின்ற வாட்ச்மேன்வரை. திரையில் அபி கண்ணைச் சிமிட்டாமல், உட்காரு என்ற வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

நான் அண்ணன் பக்கம் திரும்பவே பயந்தேன். திரும்பியபோது அவர் எழுந்து நின்றிருந்தார். தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா செல்வி, மத்த எந்தப் புள்ளைக்கும் வைக்கல. நம்ம புள்ளைக்கு மட்டும் தலைக்கு ஒளிவட்டம் வெச்சிருக்கான்," என்றார் என்னிடம்.

நெட் நின்றால் சுற்றுகிற வட்டம் அவருக்குத் தெரியாததில்லை. தினமும் அதைப் பார்த்துத்தான் திட்டிக்கொண்டிருப்பார். ஆனால் மகள் தலையைச் சுற்றி அதைப் பார்த்த நேரத்தில், வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுக்கு அவர் வைத்துக்கொடுத்ததுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. "மை டாட்டர், மை டாட்டர்" என்று முன்னாலும் பின்னாலும் திரும்பிச் சொன்னார். சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. ஒருவர் எழுந்து வந்து அவருக்குக் கை கொடுத்துவிட்டுத் தன் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். பக்கத்து வரிசைப் பெண் ஒருத்தி போனைத் தூக்கி அண்ணனைப் படம் பிடித்தாள். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருண்ணா."

"இரும்மா. இத்தினி பேர் சந்தோஷப்படறாங்க, இப்ப உக்காந்தா மரியாதையா இருக்காது."

அபி முன்வரிசையிலிருந்து திரும்பினாள். அப்பா நின்று கை தட்டுவதைப் பார்த்தாள். அப்பாவைச் சுற்றிலும் இருந்த வாய்களைப் பார்த்தாள். அதுவரை அவளுக்கும் முழுதாகப் புரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவள் முகத்தில் அது புரிந்த கணத்தை நான் பார்த்தேன். அந்த அரங்கத்தில் இருந்த எல்லோரையும் நான் அந்த நிமிடம் வெறுத்தேன், என் அண்ணன் உட்பட.

பிறகு அவளுடைய 'ஆஃப்டர்' ஓடியது. கையை விரித்து, பல் தெரியச் சிரித்து, கிடுகிடுவென்று பேசி முடித்தாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை, முந்தைய சிரிப்பிலிருந்து இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கும் அது பிடிக்கவில்லை. "இதுல நம்ம அபி மாதிரியே இல்ல. மொதல்ல போட்டாங்களே, அதுதான் அபி," என்றார். நிகழ்ச்சி முடிந்ததும் மல்லாட்டைப் பையோடு ரியாவிடம் போய், சைகையும் தமிழுமாக, அந்த முதல் வீடியோ தன் போனுக்கு வேண்டும் என்று கேட்டார். "ஸோ ஸ்வீட்" என்று சொல்லி அங்கேயே அனுப்பிவிட்டாள்.

நான் அவளைத் தனியாகப் பிடித்தேன். இப்போது எனக்கு இங்கிலீஷ் வரும். அந்த வீடியோவை அழித்துவிடுங்கள் என்றேன். ஏன் மேம், அவள்தானே இந்த பேட்ச்சின் ஸ்டார் என்றாள். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றேன். பார்த்து இல்லை மேம், அவளோடு சேர்ந்து சிரித்தார்கள் என்றாள். அவள் சிரிக்கவில்லையே என்றேன். ரியா ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். என் மேல் அவளுக்கு நிஜமாகவே இரக்கம் வந்த மாதிரி தெரிந்தது.

"தட் இஸ் வாட் வி வில் வொர்க் ஆன், மேம்," என்றாள்.

டிகிரி வகுப்பு தொடங்கிய அன்றே அபிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பஃபரிங், அந்தச் சுற்றும் வட்டத்துக்குச் சொல்வார்களே, அது. பிரிட்ஜ் கோர்ஸுக்கே வராத இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கும், சீனியர்களுக்கும், அவள் அபிராமி என்பது தெரிவதற்கு முன்பே பஃபரிங் என்று தெரிந்தது. வீடியோ அதற்குள் எல்லா குரூப்புகளிலும் சுற்றி வந்துவிட்டது. கேன்டீனுக்குள் அவள் நுழைந்தால், உள்ளே இருக்கும் அத்தனை பேரும் தட்டை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்பார்கள். தோசை ஊற்றுபவர்கூடக் கரண்டியோடு நிற்பாராம். அவள் வெளியே போகும்வரை ஒரு சத்தம் இருக்காது. அதை ஒருத்தன் ரீல்ஸ் எடுத்துப் போட்டான். கூடவே இன்னொரு சின்ன வீடியோவும் ஓடிக்கொண்டிருந்தது, வெள்ளை வேட்டியில் ஒருவர் எழுந்து நின்று கை தட்டுவது. அதற்கு பஃபரிங்ஸ் டாடி என்று பெயர். அபி மதியம் சாப்பிடுவதை நிறுத்தினாள். டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, எனக்குத் தெரியாமல் குளியலறைக்குள் வைத்துச் சாப்பிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே பையைக் கட்டி ஹாலில் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் திருவண்ணாமலையிலயே படிக்கறேன் அத்த. அப்பாவுக்குப் போன் போடு," என்றாள்.

"போகலாம். நானே வந்து விடறேன்," என்றேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நடந்ததை எல்லாம் அண்ணனிடம் உடைத்துச் சொல்லிவிட வேண்டும் என்றுகூட முடிவு செய்திருந்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் செல்வி. பஸ் ஸ்டாண்டுல பேனர் ஏத்தியாச்சு. கடை அளவுக்கு இல்ல, நம்ம கட்டடத்தோட மாடி அளவுக்கு. அந்த வீடியோவுல இருந்து புள்ளையத் தனியா எடுத்து, பின்னால பெங்களூர் விதான சௌதா கட்டடத்த வெச்சிருக்கேன். கையைக் கட்டிக்கிட்டு எப்படி நிக்குது தெரியுமா. பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் புள்ளைங்கள வரிசையா கூட்டிட்டு வந்து காட்டினாங்க. பெங்களூருக்குப் போயும் பணிவு போகல பாருங்கன்னு சொன்னாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அபி பக்கத்துல இருக்கா? நல்லா படிக்குதா?"

அபி சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"நல்லா படிக்கிறேன்ப்பா," என்றாள்.

ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்காமல் எங்கள் வீட்டுக்குப் போக வழி இல்லை. திரும்பிப் போகிறவள் அந்தப் பேனருக்குக் கீழேதான் பையோடு இறங்க வேண்டும். ஊரே நிமிர்ந்து ஒருமுறை மேலே பார்க்கும், குனிந்து ஒருமுறை கீழே பார்க்கும். அவள் அப்பா அதற்கப்புறம் அந்தக் கடையில் எப்படி உட்காருவார்? அபி எழுந்து பையைப் பிரித்துத் துணிகளைப் பழையபடி பீரோவில் அடுக்கினாள். கை கட்டியதற்காக ஒரு ஊர் அவளைத் துரத்தியது, அதே கை கட்டியதற்காக இன்னொரு ஊர் அவளை உள்ளே வர முடியாமல் செய்துவிட்டது. இதில் என் அண்ணனை எப்படிக் குற்றம் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவள் அழுது நான் பார்க்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினாள். வாட்ஸ்அப்பில் தன் பெயரையே பஃபரிங் என்று மாற்றிக்கொண்டாள். கேன்டீனில் எல்லோரும் கை கட்டி நின்றபோது, ஒருநாள் அவளும் நடுவில் போய்க் கை கட்டி நின்றுவிட்டாளாம். முதலில் அசைகிறவன் எல்லோருக்கும் ஜூஸ் வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று சொன்னாளாம். அன்றிலிருந்து அவளுக்கு உட்கார ஒரு மேஜை கிடைத்தது. காலேஜ் விழாவில் மேடையேறி அந்த முதல் வீடியோவை அப்படியே நடித்துக் காட்டினாள். எண்ணெய்த் தலை, பிரேயர்க் குரல், கட்டிய கை. நீண்ட நேரம் நின்றாள், கூட்டம் விசிலடித்தது. பிறகு தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டி "மை டாட்டர், மை டாட்டர்" என்று அப்பாவையும் செய்தாள். அதற்குத்தான் விசில் அதிகம். போனில் அவளே எனக்குப் போட்டுக் காட்டினாள். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார், அவள் செய்து காட்டுவது தன் மச்சானை என்பதையே மறந்துவிட்டு. அவள் சிரிக்கவில்லையே என்றதற்கு ரியா சொன்ன வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே தெரிந்தது. வெயிலில் கொஞ்சம் வெளிறியிருந்தாலும் கடை மாடியிலிருந்து கீழ்வரை தொங்கியது. விதான சௌதாவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அபி. முகத்தை வழக்கம்போல் வெள்ளையாக்கியிருந்தார். தலைக்குப் பின்னால் மஞ்சளும் சிவப்புமாக ஒளிவட்டம், எந்தச் சாமிக்கும் அவர் வைக்காத அளவுக்குப் பெரியது. கீழே வாழ்த்தும் நெஞ்சங்கள் என்று வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்களில் சொந்தக்காரர்கள். அதில் என் முகமும் இருந்தது. என் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்துக் கும்பிடு போட வைத்திருந்தார்.

கடையில் மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து முடித்திருந்தார்கள். அண்ணன் மகளைப் பார்த்ததும் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார். போகிற வருகிறவர்களிடம் எல்லாம் மேலே கையைக் காட்டி, கீழே கையைக் காட்டி, இதுதான் அது என்றார். பிறகு அவருக்கு ஓர் ஆசை வந்தது. பேனருக்குக் கீழே தான் நிற்க வேண்டும், மகள் தன் கையால் படம் எடுக்க வேண்டும்.

"உன்ன மாதிரியே நிக்கறேன் பாரு," என்று சொல்லிவிட்டுப் போய் நின்று, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார்.

அபி ரோட்டைக் கடந்து, நான் நின்றிருந்த எதிர்ப்பக்கம் வந்து போனைத் தூக்கினாள். போட்டோ இல்லை, வீடியோ என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நின்றார். அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். பெரியவர் ஒருவர் சைக்கிளில் குறுக்கே போனார். அண்ணன் கண்ணைச் சிமிட்டவில்லை.

"ஆச்சாம்மா?" என்றார் உதடு அசையாமல்.

"இரு இருப்பா, அசையாத."

"போதும் அபி," என்றேன் மெதுவாக.

"சும்மா ஃபன்னுக்கு அத்த," என்றாள், என் பக்கம் திரும்பாமல். ஒருவழியாக நிறுத்தினாள். விரல்கள் வேகமாக ஓடின. பஃபரிங் சீனியர் என்று எழுதி அனுப்பியதைப் பார்த்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுகிற மஞ்சள் முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழ ஆரம்பித்தன. போன் அவள் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சத்தைச் சொல்லத்தான் வேண்டும், பிரிட்ஜ் கோர்ஸின் முதல் நாள் சாயங்காலத்துக்குப் பிறகு அதை நான் பார்த்ததே இல்லை.

"யாரும்மா, உன் காலேஜ் ஃப்ரெண்ட்ஸா? இன்னா சொல்றாங்க?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கத்திக் கேட்டார் அண்ணன்.

"உன்ன எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்காம்ப்பா."

அவருக்கு வாயெல்லாம் பல். வேட்டியை ஒருமுறை உதறிச் சரிசெய்துகொண்டார். "அப்ப இன்னொண்ணு எடு. அதுல சிரிச்சிட்டேனோ என்னவோ," என்று மறுபடி போய்ப் பேனருக்கு நேர் கீழே நின்று கையைக் கட்டிக்கொண்டார். அபி போனைத் தூக்கினாள். நடுவில் திருவண்ணாமலை பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. புழுதி அடங்கியபோது மேலே மகள் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள், கீழே அப்பா கையைக் கட்டிக்கொண்டிருந்தார், பேனரின் ஓரத்து வட்டத்துக்குள் நான் எல்லோரையும் வாழ்த்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த என்னைக் குனிந்து பார்த்தேன். என் கைகளும் கட்டியிருந்தன. அபி அதைக் கவனித்துவிட்டுப் போனை மெல்ல என் பக்கம் திருப்பினாள்.